வாசிக்காமல் விடை எழுதுவது எப்படி?

பந்தியை வாசிக்காதே. புத்தளம் கரையோரத்தில் ஓ.எல். ஆங்கிலக் கிரகித்தலுக்குச் சொல்லித் தரப்படும் முதல் விதி இதுதான். இரண்டாவது விதி, கேள்வியை மட்டும் பார். மூன்றாவது விதி, கேள்வியில் உள்ள சொல் பந்தியின் எந்த வரியில் கிடக்கிறது என்று தேடு. கண்டதும் அந்த வரியை அப்படியே தூக்கி விடைக்கோட்டில் போடு. முற்றுப்புள்ளி வை. புள்ளி உனக்கு.

இதைக் கண்டுபிடித்த மகானுக்குப் பாலாவிச் சந்தியில் ஒரு சிலை வைக்கலாம். உப்பளக் காற்று அரிக்காத கல்லாகப் பார்த்து வைக்க வேண்டும்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் ஒரு தகரக் கொட்டகை டியூஷன் வகுப்பு. பின்னேரம் மூன்று மணி. தகரம் கொதிக்கிறது, மின்விசிறி சுற்றுவதுபோல் நடிக்கிறது, ஒரு வாங்கில் ஆறு பேர். ஒரு பையனின் கையில் போட்டோக்கொப்பித் தாள் ஒன்று. கொப்பியின் கொப்பியின் கொப்பி என்பதால் எழுத்துகளில் பாதி கரைந்து போயிருக்கிறது. ஒரு குடும்பம் விடுமுறைக்கு மலைப்பிரதேசத்தில் பனிச்சறுக்கப் போனதாக ஒரு பந்தி. அப்பா விழுந்தார், அம்மா சிரித்தார், எல்லோரும் சூடான சொக்லேட் குடித்தார்கள். கீழே ஐந்து கேள்வி. பையன் ஐந்துக்கும் சரியான விடை எழுதிவிட்டான்.

"ஸ்கீ எண்டா என்ன மகன்?" என்று கேட்டேன்.

"தெரியா சேர்," என்றான். "ஆனா விட சரி."

பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவன் வாப்பா கண்டக்குழியில் படகு வைத்திருக்கிறார். அவனுக்குக் காற்றுத் தெரியும், நீரோட்டம் தெரியும், எந்த மாதத்தில் எந்த மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று தெரியும். இந்த அறிவில் ஒரு துளியைக்கூட ஆங்கிலத்தில் கேட்க இந்த நாட்டில் ஒரு வினாத்தாளும் இல்லை. பனியைப் பற்றிக் கேட்கிறார்கள். அவன் கண்ட ஒரே பனி மீன் பெட்டிக்குள் கொட்டும் ஐஸ்.

சீனப் பிள்ளைகளும் இதைத்தானே செய்கிறார்கள் என்று யாரும் சமாதானம் சொல்ல வரலாம். உண்மைதான். அங்கே ஒவ்வொரு வருடமும் ஜூன் 7ஆம் திகதி பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை தொடங்கும். 'காவ்காவ்' என்பார்கள். 2024இல் அதற்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம் பேர். இலங்கையின் சனத்தொகையில் பாதிக்கு மேல். மொத்தம் 750 புள்ளியில் ஆங்கிலத்துக்கு 150. வாசிப்புப் பகுதிக்கு மாத்திரம் 50. இருபது கேள்வி, ஒன்றுக்கு இரண்டரைப் புள்ளி. அந்த இரண்டரைக்காக ஒரு சீனப் பிள்ளை மேல்நிலை வகுப்பின் மூன்று வருடமும் விடியுமுன் எழுந்து பந்தி பந்தியாக அரைத்துக் குடிக்கிறது. கேள்வியை முதலில் பார், சொல்லைத் தேடு, வரியைப் பிடி என்ற மந்திரம் அங்கேயும் உண்டு. அதை விற்றே கோடீஸ்வரர் ஆனவர்களும் உண்டு. 2021 ஜூலையில் சீன அரசு ஒரே உத்தரவில் இலாபத்துக்கு நடத்தும் பாடசாலைப் பாட டியூஷனுக்கு ஆப்பு வைத்தது. நாட்டின் பெரிய டியூஷன் கம்பனியான நியூ ஓரியண்டல் வேறு வழியில்லாமல் நேரலை வியாபாரத்தில் இறங்கியது. நேற்றுவரை கிரகித்தல் சொல்லிக் கொடுத்த சேர்மார் கமராவுக்கு முன் நின்று சோளப்பொத்தியும் இறைச்சியும் விற்றார்கள். விற்கும்போதே அதற்கான ஆங்கிலச் சொல்லையும் பலகையில் எழுதிக் காட்டினார்கள். கூட்டம் அள்ளியது. எங்கள் சேர்மாருக்கு அப்படியொரு நாள் வந்தால் கற்பிட்டி நெத்தலிக் கருவாட்டுக்கு நல்ல காலம் பிறக்கும்.

ஆனால் சீனப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் நடுவில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அரைத்துக் குடித்த அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து வங்கி அதிகாரி ஆகிறார்கள், பொறியியலாளர் ஆகிறார்கள். ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள், பைலில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு விமானம் ஏறுகிறார்கள். மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர் எங்கள் ஆள். அவருக்கு முதல் விதி மறக்கவில்லை. பந்தியை வாசிக்கக் கூடாது. கேள்வியை மட்டும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே கேள்வி கடைசிப் பக்கத்தில், புள்ளிக்கோட்டின் கீழே இருக்கிறது. அதற்கு எங்கள் ஆள் எப்போதும் சரியான விடைதான் எழுதுகிறார், பேனாவும் அவர்களே தருவதால்.

இந்தக் கரையிலும் அப்படியொரு ஒப்பந்தம் உண்டு, நுரைச்சோலை அனல் மின்நிலையம். 2006இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்பே அந்தக் கரையில் அனல் மின்நிலையம் வேண்டாம் என்று சனம் வருடக்கணக்காகக் கத்தியிருந்தது. தலவில் அன்னம்மாள் கோயிலடிக்குப் பக்கத்தில் நிலக்கரி எரிப்பதா என்று கத்தோலிக்கச் சபையும் எதிர்த்தது. 2011இல் முதல் இயந்திரம் ஓடியது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங் இலங்கைக்கு வந்தபோது மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாற் என்று கொண்டாடினார்கள். ஏறத்தாழ 135 கோடி டொலர் திட்டம். கடன் சீன எக்ஸிம் வங்கியுடையது, கட்டியது சீனக் கம்பனி, கரி வெளிநாட்டிலிருந்து வருவது. உள்ளூர்ப் பங்களிப்பு என்று ஒன்று வேண்டாமா? சாம்பல் எங்களுடையது. கச்சான் காற்று எழும்பி நிலக்கரி முற்றத்தைத் தடவிவிட்டு வரும்போது, வெங்காயப் பாத்தியிலும் உடுப்புக் கொடியிலும் அந்தப் பங்களிப்பு படிகிறது. முறைப்பாடு எழுதியே ஒரு தலைமுறை கிழண்டிவிட்டது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. அன்றுதான் கொழும்பில் பலர் பைல்களைத் திறந்து பந்தியை முதன்முறையாக வாசித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பரீட்சை முடிந்து, விடைத்தாள் கட்டி, முடிவும் வந்த பிறகு.

இந்த நாட்டின் அரசியலமைப்பில் சிங்களம் அரசகரும மொழி, தமிழும் ஓர் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதியிருக்கிறது. இணைக்கத்தான் செய்கிறது. கொழும்பையும் பெய்ஜிங்கையும் அழகாக இணைத்துவிட்டது. குருநாகலில் உள்ள மாகாணக் கந்தோரையும் கற்பிட்டியில் உள்ள தமிழ்மொழிப் பாடசாலையையும் இணைக்க அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அங்கிருந்து சிங்களத்தில் சுற்றறிக்கை வரும். அதிபர் அதைத் தூக்கிக்கொண்டு சிங்களம் தெரிந்த கடைக்காரரிடம் போவார். கடைக்காரர் வாசித்துவிட்டு, "ஒண்டுமில்ல சேர், கூட்டம் ஒண்டு, நேத்து முடிஞ்சிட்டு," என்பார்.

தமிழ் எங்கே என்று கேட்டால் 2021 மே மாதத்தைப் பார்க்கலாம். சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீனத் தூதரகம் ஒரு நூலகம் அன்பளிப்புச் செய்தது. பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழைக் காணோம். நாட்டின் சட்டத்துக்கே காவல் நிற்கும் திணைக்களத்தின் வாசலில்! சத்தம் கிளம்பியதும் பலகையைக் கழற்றினார்கள். கழற்றுவதற்கு ஸ்குரூ டிரைவர் போதும். மாட்டும்போது கூடி நின்று கைதட்டிய அத்தனை சட்ட மூளைகளுக்கும் ஒரு மொழி குறைவது கண்ணில் படவில்லை. கேள்வியை மட்டும் பார்க்கப் பழகிய கண்கள்.

ஒரு திட்டம் வருமுன் சனத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் திருத்தப்பட்டது. பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டும். வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். அறிக்கையை வாசித்துக் கருத்துச் சொல்லச் சனத்துக்கு 30 நாள். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! அறிவித்தல் தமிழில் வரும். உள்ளே இருக்கும் தலையணைத் தடிப்பிலான அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கந்தோரில் ஒரு மேசையில் வைத்திருப்பார்கள். வேலை நேரத்தில் வந்து வாசிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

கரைவலை இழுக்கிற ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கிறார். கூடவே ஆங்கிலத்தில் 'சீ' எடுத்த மகன். மகனுக்குக் கிரகித்தல் தெரியும், டியூஷன் போனவன். அறிக்கையில் மீன் என்ற சொல்லைத் தேடுகிறான், கிடைக்கிறது. அந்த வரியை அப்படியே தூக்கி வாப்பாவிடம் தருகிறான்: மீன்வளத்துக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. இம்மாதிரி அறிக்கைகளை எழுதுகிறவர்களுக்கு அந்த வரியை எங்கே வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். தேடுகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில். மற்றதெல்லாம் பின்னிணைப்பில், அட்டவணைக்குள், சிறிய எழுத்தில். பையன் பாவம், சொல்லிக் கொடுத்தபடி செய்தான். முழுப் புள்ளி. 31ஆம் நாள் மீன்வாடி போகும்.

கற்பிட்டியில் 14 தீவுகளைச் சேர்த்து உல்லாசப் பயண வலயம் என்று வரைபடம் போட்டபோதும் இதே கதைதான். மினுமினுப்பான பிரசுரங்கள் ஆங்கிலத்தில் வந்தன. பிரசுரத்தில் கடல் நீலமாக இருந்தது, மணல் வெள்ளையாக இருந்தது, மனிதர்களைக் காணோம். அந்தத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக வாடி போட்டுத் தொழில் செய்தவர்கள் தங்கள் கரை விலை பேசப்படுவதை, வேலி போட வந்தவர்களின் மரக்கட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மரக்கட்டைக்கு மொழி தேவையில்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பெரும் பகுதி இந்தக் கரையில்தான் ஒதுங்கியது. மணிக்கணக்கில் காலக்கெடு, சில இடங்களில் கையில் எடுக்க விட்டது சில நூறு ரூபாய். ஓலைக் கொட்டில் முகாம்களில் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளை அடுக்கினால் முகாமுக்கே மதில் கட்டலாம். தேவை மதிப்பீடு, இடைக்கால மதிப்பீடு, இறுதி மதிப்பீடு, மதிப்பீட்டின் மதிப்பீடு. அத்தனைக்கும் கருப்பொருள் அவர்கள், வாசகர் ஜெனீவாவில். கிரகித்தல் பந்தியாகவே முப்பது வருடம் வாழ்ந்த ஒரு சனம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை. அந்தப் பந்தியின் கீழிருந்த கேள்விகளுக்கு விடை எழுதியவர்களுக்கெல்லாம் சம்பளம் கிடைத்தது.

இந்தக் கரைக்கு ஆங்கிலம் ஏறாது, மண் அப்படி, என்று கொழும்பில் ஓர் அதிகாரி ஒருமுறை சொன்னார். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1807இல் இதே கற்பிட்டியில் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல், வயது 27 இருக்கும்போது, இலங்கையின் ஊர், ஆறு, சனம் அத்தனையையும் அகரவரிசையில் அடுக்கி ஆங்கிலத்தில் 'சிலோன் கசற்றியர்' எழுதி அச்சிட்டார். வெள்ளைக்காரன் ஆண்ட தீவை வெள்ளைக்காரனுக்கே அவனுடைய மொழியில் விளங்கப்படுத்திய புத்தகம். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 'தமிழ் புளூட்டார்க்' என்று ஆங்கிலத்தில் தந்தார். சட்டநிரூபண சபையில் இருந்தார், சிலாபத்தில் நீதிபதி ஆசனத்தில் இருந்தார். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடச் சொல்லி அவருக்கு ஒரு சேர் கிடைக்கவில்லை, தப்பித்தார்.

அவருக்கு முன்னே போனாலும் மண் ஒன்றும் வெட்கப்படாது. 1344இல் இப்னு பதூதா இந்தக் கரையில் வந்து இறங்கினார். இங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். இருவரும் பேசிக்கொண்டது பாரசீகத்தில். மன்னருக்கு அது விளங்கியது என்று பயணி எழுதி வைத்திருக்கிறார். மன்னர் முத்துகளைக் காட்டினார், பாவா ஆதம் மலைக்குப் போகத் துணைக்கு ஆளும் கொடுத்தார். யாருடன் முத்து வியாபாரமோ அவனுடைய மொழியை இந்தக் கரை கற்றுக்கொண்டது. தனக்குத் தேவை என்பதால் கற்றது, தன் முத்தின் விலையைத் தானே பேசுவதற்காகக் கற்றது.

இன்றும் அந்தப் பழக்கம் செத்துப் போகவில்லை. கண்டக்குழி, ஆலங்குடாக் கரைகளில் பட்டச் சறுக்குக்கு வெள்ளைக்காரர் குவியும் மாதங்களில் போய்ப் பாருங்கள். டொல்பின் காட்டப் படகு விடும் பெடியன் ஆங்கிலத்தில் பகிடி விடுகிறான், பேரம் பேசுகிறான், காற்று மாறப்போகிறது கரைக்கு வா என்று அதட்டுகிறான். இடையில் ரஷ்ய மொழியும் கொஞ்சம் எடுத்து வீசுகிறான். ஓ.எல். ஆங்கிலத்தில் என்ன எடுத்தாய் என்று ஒருவனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "டபிள்யூ சேர்."

பெயில். உயிரைக் காப்பாற்றும் அளவுக்கு ஆங்கிலம் தெரிந்தவன் பெயில். ஸ்கீ என்றால் என்னவென்று தெரியாதவன் பாஸ். இதைத் தரப்படுத்தல் என்கிறது பரீட்சைத் திணைக்களம்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1956இல் ஒக்ஸ்போர்டில் படித்த ஒருவர் சிங்களம் மட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான வருடம் என்று இன்னொருவர் பிரகடனம் செய்தார். பதாகை கட்டினார்கள், வருடம் முடிந்தது, பதாகை சிலாபம் சந்தையில் மரக்கறி மூடப் போனது. ஆங்கில ஆசிரியர் நியமனம் என்று கரையோரப் பாடசாலைக்கு ஒருவர் வருவார். கையெழுத்து மை காயுமுன் இடமாற்றத்துக்கு எழுதிப் போடுவார். பிறகு சுகாதாரமோ சித்திரமோ படிப்பிக்கிறவர் ஆங்கிலப் பாடவேளையில் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம வேர்க்புக் செய்யுங்க," என்பார். அவரையும் குறை சொல்லி என்ன? அவருக்கும் அந்தப் புத்தகம் பனிச்சறுக்குத்தான்.

பிறகு 2025 கடைசியில் ஓர் அதிசயம் நடந்தது. கல்விச் சீர்திருத்தம் என்று புதிதாக அச்சடித்த 6ஆம் தர ஆங்கிலப் பாடத்தொகுதி ஒன்றில், பிள்ளைகள் கண்ணில் படக் கூடாத ஓர் இணையதளத்தின் பெயர் கிடந்தது. எழுதியவர், சரிபார்த்தவர், மேற்பார்த்தவர், ஒப்பமிட்டவர், அச்சிட்டவர் என்று எத்தனை கைகளைத் தாண்டியிருக்கும்! ஒருவரும் பந்தியை வாசிக்கவில்லை. முதல் விதியை மகரகமவிலும் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் அங்கேயுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தலைமை ஒதுங்கியது, இரகசியப் பொலிஸ் வந்தது, பாராளுமன்றம் அமளிப்பட்டது, 6ஆம் தரச் சீர்திருத்தமே 2027க்குத் தள்ளிப்போனது. ஒரு நன்மை, இலங்கையின் வரலாற்றில் முதன்முறையாக 225 எம்.பி.மாரும் ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒரு சொல்லைத்தான் தேடினார்கள். அந்தப் புத்தகத்தைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா என்ற வரி அவர்கள் கண்ணில் படவில்லை. கேள்வியில் அந்தச் சொல் இல்லையே.

பிள்ளைகள் உடுத்துகிற வெள்ளைத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் பாடசாலைச் சீருடைத் துணியில் 70 சதவீதத்தைச் சீனா இனாமாகத் தந்தது. 2024இல் 80. 2025இல் முழுத் தேவையும். நல்ல துணி, நன்றி. சீனத் துணி உடுத்தி, சீனக் கடனில் கட்டிய ஆலையின் மின்சாரத்தில் படித்து, சீனப் பிள்ளையும் அரைக்கிற அதே வகைப் பந்தியை அரைத்துவிட்டு, எங்கள் பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் போகிறது. அந்தப் பிள்ளையின் அரசாங்கம் அதற்கென்று தந்தது சுட்டெண் மட்டும்.

குறை சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாது என்பார்கள். ஆகவே புத்தளம் மாவட்டத்துக்கென்று நானே ஒரு மாதிரி வினாத்தாள் தயாரித்துவிட்டேன். பரீட்சைத் திணைக்களம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாம் பந்தி மின்சாரம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க இருள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அந்த அதிர்ச்சியில் நின்ற நுரைச்சோலை இயந்திரங்கள் மீண்டும் எழும்ப நாள்கள் எடுத்தன; நாடு முறைவைத்து மின்வெட்டில் கிடந்தது. கேள்வி: நாட்டின் மின்சாரம் ஒரு குரங்கின் கையில் போனதற்குப் பொறுப்பு யார்? (அ) குரங்கு. (ஆ) பாணந்துறையில் மரம் நட்டவர். (இ) இராமாயண காலத்திலிருந்தே இந்தத் தீவில் குரங்கை நம்ப முடியாது. (ஈ) மேலே உள்ள அனைத்தும். சரியான விடையின் கீழ்க் கோடிடுக. ஐந்தாவது விடை எழுத இடம் விடப்படவில்லை. பக்க ஓரத்தில் எழுதுகிறவர்களுக்குப் புள்ளி குறைக்கப்படும்.

இரண்டாம் பந்தி சுகாதாரம். 2017 ஏப்ரல் 14, புதுவருட தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மண்ணோடு போயின. அழுதோம், அவர்கள் ஏழைகள், எங்களைப் போன்றவர்கள். தீர்வு என்ன? கொழும்பு தன் குப்பையைக் குறைப்பது என்ற விடையில் யாரும் கோடிடவில்லை. சுமார் 170 கிலோமீற்றர் தள்ளி, சீமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் தோண்டிய குழிகள் புத்தளம் அருவக்காட்டில் இருந்தன. ரெயிலில் ஏற்றினால் வந்து சேரும். எங்கள் மலையைத் தோண்டிக் கொழும்பில் மாடி கட்டினார்கள், மாடியில் சேர்ந்த குப்பையைத் தோண்டிய குழிக்கே திருப்பி அனுப்பினார்கள், கணக்கு நேர். 2018இலும் 2019இலும் புத்தளம் நகரத்தில் முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று சனம் மாதக்கணக்கில் தெருவில் இருந்தது. குப்பை வந்தது. கேள்வி: குப்பை வந்து சேர்ந்தது, ஆங்கில ஆசிரியர் வந்து சேரவில்லை. இரண்டும் ஒரே தலைநகரத்திலிருந்துதான் அனுப்பப்பட வேண்டும். உங்கள் பாடசாலையைக் குப்பையாக அறிவித்தால் ஆசிரியர் வந்து சேருவாரா? இரண்டு வாக்கியத்தில் விடை தருக.

மூன்றாவது, கடிதம் எழுதுதல். உங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கச்சான் காற்றில் வாடி போட்ட கரை, தேசிய அபிவிருத்திக்காக எடுக்கப்படுகிறது. இது பற்றிய 30 நாள் அவகாசம் நேற்று முடிந்துவிட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு நன்றி தெரிவித்து 100 சொற்களுக்கு மேற்படாமல் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுக. முகவரி எழுத வேண்டாம். இனி உங்களுக்கு அது இராது.

நான்காவதாக ஒரு மொழிபெயர்ப்புப் பந்தி வைக்க நினைத்தேன்: ஒரு கடன் ஒப்பந்தம், முழுவதும், பின்னிணைப்புகளோடு. மூன்று மணித்தியாலம் போதாது என்பதால் விட்டுவிட்டேன். எத்தனை வருடம் கொடுத்தால் போதும் என்று திறைசேரியைத்தான் கேட்க வேண்டும்.

பரீட்சார்த்திகளுக்கான அறிவுறுத்தல் ஒன்று பாக்கி. எல்லா வினாக்களும் கட்டாயமானவை. பந்திகளை முழுமையாக வாசிக்க வேண்டும். வாசித்ததற்கு அடையாளமாக, ஒவ்வொரு பந்தியிலும் எந்த வரியில் கோபம் வந்தது என்று குறிப்பிட வேண்டும். அமைச்சர்கள், செயலாளர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தேவையில்லை. கம்பனிச் சட்டத்தில் பதிந்த கொழும்புச் சர்வதேசப் பாடசாலைகளில் அவர்கள் இலண்டன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்கீ என்றால் என்ன என்றும் தெரியும். போன டிசம்பரில் போய்ச் சறுக்கிவிட்டும் வந்தார்கள்.